மணிக்கட்டில் ஒரு கோடு

நான் செவ்வாய்ப்பேட்டையில் அரிசி மொத்த வியாபாரம் செய்த வீட்டுப் பெண். மூட்டையின் வாயைப் பிரித்து மேலே இருக்கும் அரிசியைக் காட்டினால் எங்கள் அப்பா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். குத்தூசியை மூட்டையின் வயிற்றில் செருகி, நடுவிலிருந்து வரும் அரிசியை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்த பிறகுதான் விலை பேசுவார். அந்தப் புத்தி எனக்கும் அப்படியே வந்துவிட்டது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று நான் கேட்ட கேள்விகளை என் வீட்டுக்காரர் இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பட்டப்பெயர் 'போலீஸ் டீச்சர்'. பிள்ளைகள் வைத்ததில்லை, தலைமையாசிரியர் வைத்தது.

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் எனக்கு மூன்றாம் வகுப்பு. ஊரில் பாதி வீட்டில் ரிக் வண்டி வேலை. ஆழ்துளைக் கிணறு போடும் அந்த வண்டிகள் வடக்கே போனால் மாசக்கணக்கில் திரும்பாது. என் வகுப்பில் பல பிள்ளைகளுக்கு அப்பா என்றால் செல்போனில் வரும் முகம்தான்.

போன வருஷம் குழந்தைகளின் மனநலம் பற்றிப் பயிற்சி என்று எங்களை நாமக்கல்லுக்கு ஒரு வாரம் கூப்பிட்டார்கள். பலூன் ஊதச் சொன்னார்கள், கண்ணை மூடி மூச்சு விடச் சொன்னார்கள், பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்து அவரிடம் பிடித்த குணத்தைச் சொல்லச் சொன்னார்கள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என் மதியச் சாப்பாட்டு டோக்கனை வாங்கிக்கொண்டு போனவர். அவரிடம் எனக்கு என்ன பிடித்திருக்கும்? முதல் நாள் முழுக்க, காதில் பூ சுற்றுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் கடைசி நாளில் ஒரு அம்மா வந்து, வீட்டில் துன்பப்படும் பிள்ளையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பேசினார். தூங்கப் பயப்படும், தொட்டால் பதறும், கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல்லும் என்று அவர் சொல்லச் சொல்ல நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இது என் தொழில். மேலே இருக்கும் அரிசியைப் பார்க்காதே என்பதைத்தானே அந்த அம்மாவும் சொன்னார்.

திரும்பி வந்ததும் வகுப்புச் சுவரில் முகங்கள் வரைந்து ஒட்டினேன். சிரிக்கிற முகம், அழுகிற முகம், கோப முகம், ஒன்றும் சொல்லாத முகம். காலையில் வந்ததும் பிள்ளைகள் தங்கள் பெயர் அட்டையை அன்றைய மனசுக்கு ஏற்ற முகத்துக்குக் கீழே செருக வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் சிரிக்கிற முகத்துக்குக் கீழே செருகிவிட்டு, சரிதானே என்று என்னைப் பார்த்தார்கள். தலைமையாசிரியருக்குப் பரம சந்தோஷம். "பாத்தீங்களா டீச்சர், நம்ம பசங்க எல்லாம் ஹேப்பி" என்று போட்டோ எடுத்து அனுப்பினார். எனக்கு அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் மேலாக நல்ல அரிசி போட்டு நிரப்பிய மூட்டை ஞாபகம்தான் வந்தது.

பிறகு அமைதி நேரம். காலையில் சிறிது நேரம் எல்லோரும் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது, இரண்டு பேர் தினமும் தூங்கிவிடுவார்கள். ஒரு பெண் மட்டும் கண்ணை மூடவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு என்னையே பார்ப்பாள். நான் ஒரு அடி வாசல் பக்கம் நகர்ந்தால் அவள் பார்வையும் நகரும். ஒருநாள் பக்கத்தில் போய் மெல்ல அவள் கண்களைக் கையால் பொத்தினேன். கடித்துவிட்டாள். பல் பதிந்து ரத்தம் கட்டியது.

அதுவரை அவள் அடங்கிய பிள்ளை. ரிக் டிரைவரின் மகள், ஒற்றைப் பிள்ளை. எனக்கு வலித்தது, கோபமும் வந்தது. ஆனால் கோபத்துக்குப் பின்னாலேயே சந்தேகமும் எழுந்து நின்றது. இருட்டுக்கு இவ்வளவு பயப்பட இந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கிறது?

அப்பா ஊருக்கு வந்திருக்கிறார் என்று பிள்ளைகள் சொன்னார்கள். வந்த பிறகுதான் இவள் இப்படி ஆனாள் என்று நானாகக் கணக்குப் போட்டேன். வகுப்பில் எல்லோரையும் வீட்டை வரையச் சொன்னேன். மற்றவர்கள் வீடு, மரம், கோழி, டிவி என்று வரைந்தார்கள். இவள் ஒரே ஒரு கதவு வரைந்து, அதன் மேல் கதவைவிடப் பெரிதாக ஒரு பூட்டும் வரைந்திருந்தாள். அவள் பக்கத்தில் குனிந்தேன்.

"யாரு பாப்பா பூட்டு போடறது?"

"நாந்தானுங்க டீச்சர்."

நம்புவேனா? யாரோ சொல்லிக் கொடுத்த பதில் என்று முடிவு கட்டினேன்.

இதற்கு நடுவில் பள்ளியில் ஒரு வேடிக்கையான திருட்டு நடந்துகொண்டிருந்தது. முதலில் வகுப்பு வாசலில் கழற்றிப் போட்டிருந்த என் செருப்பில் ஒன்று காணாமல் போனது. ஒற்றைச் செருப்பைத் திருடுகிறவன் எந்த ஊரில் இருக்கிறான்? நாய் என்று நினைத்துப் பள்ளியைச் சுற்றித் தேடினேன். சத்துணவுச் சமையல்கார அக்காவின் செருப்பை வாங்கிப் போட்டுக்கொண்டு வீடு போனேன். அடுத்த வாரம் மேசை மேல் வைத்திருந்த ஸ்கூட்டர் சாவி போனது. மினி பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போனேன். தலைமையாசிரியர், "நீங்களே எங்கயாச்சும் வெச்சிருப்பீங்க, போலீஸுக்கே திருட்டா?" என்று சிரித்தார். பிள்ளைகளின் பைகளைக் குடைந்தேன். எதுவும் கிடைக்கவில்லை. கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன்.

புதன்கிழமை காலை உணவுக்கு அவள் கை நீட்டியபோது சட்டைக் கை மேலே ஏறியது. மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு. வளையல் அழுத்திய கோடு இல்லை. அது கயிறு அறுத்த தடம்.

"என்ன இது?"

"ஒண்ணுமில்லீங்க டீச்சர்." கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டாள்.

பயிற்சியில் அந்த அம்மா சொன்ன அடையாளம் ஒவ்வொன்றும் என் கண்முன்னால் வந்து நின்றது. நேராகத் தலைமையாசிரியரிடம் போய், பிள்ளையை வீட்டில் கட்டிப் போடுகிறார்கள், குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசப் போகிறேன் என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "டீச்சர், அவரு அப்படிப்பட்ட ஆளு இல்லைங்க. நெம்ப நல்ல குடும்பம். நீங்க பாட்டுக்குப் போன் பண்ணிட்டா அப்புறம் ஊருக்குள்ள நாம தலை காட்ட முடியாது."

நல்ல குடும்பம் என்று யாராவது பூசி மெழுகினாலே எனக்குச் சந்தேகம் இரண்டு மடங்காகும். ஆனால் தவறாக இருந்துவிட்டால்? எப்போதாவது வீட்டுக்கு வரும் மனிதரை, மகள் கண்ணெதிரே அதிகாரிகள் வந்து விசாரிப்பார்கள். என் சந்தேகம் நிஜமாக இருந்து நான் சும்மா இருந்தாலோ, இன்றைக்கும் அந்தக் கையில் கயிறு விழும். சாயந்திரம் நானே அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது, ஒரு துளி கோளாறு தெரிந்தாலும் வாசலிலிருந்தே போன் செய்வது என்று தீர்மானித்தேன்.

வீடு ஊர்க் கோடியில் இருந்தது. பக்கத்துக் காலி இடத்தில் ரிக் வண்டியும், பைப் ஏற்றும் லாரியும் புதுப் பெயிண்ட் வாசனையோடு நின்றன. பிள்ளையின் அம்மா வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து, "வாங்க டீச்சர், ஊட்டுக்குள்ள வாங்க" என்று கூப்பிட்டார். நான் உள்ளே போனதும் முதலில் பார்த்தது கட்டிலைத்தான். தலைமாட்டில் பச்சை நைலான் கயிறு தொங்கியது. அதன் ஒரு முனையில் ஒரு சிறு கை நுழையும் அளவுக்குச் சுருக்கு.

தண்ணீர் கொண்டுவந்த சொம்பை நான் வாங்கவில்லை.

"இந்தக் கயித்துல யாரைக் கட்டறீங்க?" என்றேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது.

அந்தப் பெண் கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்படியே முந்தானையை வாயில் வைத்து அழ ஆரம்பித்துவிட்டார். நான் போனைக் கையில் எடுத்தேன்.

"நாங்க கட்டறதில்லீங்க டீச்சர். அவளே கட்டிக்கறாளுங்க. ஒரு முனைய அவ கையில, ஒரு முனைய அவங்கப்பன் அரைஞாண் கயித்துல. அப்பத்தான் படுக்கறா. அப்பவும் தூங்கறதில்லைங்க, கண்ணு சொக்குனாக் கிள்ளிக்கறா."

எனக்குப் புரியவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"போன தடவ அவ தூங்கறப்ப வண்டி கெளம்பிருச்சுங்க. எந்திரிச்சு அப்பன் எங்கன்னு கேட்டா. கடைக்குப் போயிருக்காரு, வந்துருவாருன்னு சொன்னனுங்க."

"அப்புறம்?"

"தெனம் கேட்டா. தெனம் அதையேதான் சொன்னனுங்க. பொறவு கேக்கறத உட்டுப்போட்டா."

அவர்கள் ஊர் வழக்கம் அது. வண்டி கிளம்பும்போது எங்கே போகிறாய் என்று யாரும் கேட்கக் கூடாது. போகிறேன் என்று சொல்லவும் கூடாது. முக்கியமாகக் குழந்தை அழக் கூடாது, வண்டிக்கு ஆகாது. அதனால் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு வைத்து, பிள்ளைகள் எழுவதற்குள் சத்தமில்லாமல் புறப்பட்டுவிடுவார்கள். அதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. பிள்ளை அழுவதைப் பார்க்கத் தாங்காத பெரியவர்கள் கண்டுபிடித்த வழி.

நான் அப்போதும் முழுசாக நம்பவில்லை. பிள்ளையைக் கூப்பிட்டு, "நீ எப்படிக் கட்டுவே, காட்டு" என்றேன். அவள் தயங்காமல் கட்டிலில் ஏறினாள், சுருக்குக்குள் கையை விட்டாள், கயிற்றின் வாலைப் பல்லால் கடித்து இழுத்தாள். ஒரு நொடியில் முடிச்சு இறுகியது. எத்தனை தரம் கட்டிப் பழகிய கை என்று பார்த்தாலே தெரிந்தது.

"அப்பா எந்திரிச்சா இழுக்குமல்லங்க டீச்சர். நான் முழிச்சுக்குவேன்" என்றாள்.

போனைப் பைக்குள் போட்டேன். எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு அம்மா உள்ளே போய் அரிசி டிரம்மைத் திறந்தார். கையை முழங்கை வரை விட்டுத் துழாவி என் ஒற்றைச் செருப்பையும் ஸ்கூட்டர் சாவியையும் எடுத்து வைத்தார். நேற்றுதான் கையில் பட்டதாம். என் முகத்தைப் பார்க்கக் கூசினார்.

"நீங்க ஒரு வாரம் வரலீங்களாமா. எச்செம் சார் தெனம், டீச்சர் நாளைக்கு வந்துருவாங்கன்னு சொன்னாருங்களாமா. திலும்பியும் நீங்க போயிருவீங்கன்னு எடுத்தாந்திருக்கா. அவங்கப்பன் லைசென்ஸக் கூட ஒருக்கா இதுக்குள்ளதான் ஒளிச்சு வெச்சிருந்தா."

பிள்ளைகளின் மனசைப் புரிந்துகொள்ளும் பயிற்சிக்கு, பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போயிருக்கிறேன்! என்னைப் பார்த்து நான் சிரிப்பதா, அடித்துக்கொள்வதா? அந்தப் பெண் வகுப்பில் கண்ணை மூடாமல் காவல் காத்தது என்னைத்தான்.

அதற்குள் அப்பா வந்துவிட்டார். கையெல்லாம் கிரீஸ். விஷயம் தெரிந்ததும் நிமிராமல் நின்றார். நான் எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். கேட்கக் கூடாத கேள்விதான். அம்மாதான் பதில் சொன்னார்.

"வெள்ளிக்கெழம வெடியால கெளம்பறாங்க. கயித்த அவ தூங்கறப்பக் கத்தரியில நறுக்கிட்டுப் போயிரலாம்னு இருக்காருங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் வாசலில் நின்ற பிள்ளைக்குக் கேட்டுவிடுமோ என்றுகூட யோசிக்கவில்லை. "அப்படி நறுக்கினீங்கன்னா அந்தப் பொண்ணு இனி யாரு பேச்சையும் நம்பாது. உங்க பேச்சை, என் பேச்சை, நாளைக்குக் கட்டிக்கப் போறவன் பேச்சை. பாத்துக்குங்க" என்றேன்.

"அழுவாளுங்க டீச்சர்" என்றார் அவர்.

"அழட்டும்."

"வண்டிக்கு ஆவாதுங்க. போன வருஷம் ஒரு வண்டி கெளம்பறப்ப கொழந்த கதறி, அந்த வண்டி காட்டுக்குள்ள கவுந்து போச்சுங்க. என்னை நம்பி இன்னும் ஆளுங்க ஏறுவாங்க. நான் ஒருத்தன் மட்டும்னா சரி."

அவர் சொன்னதை நான் கேலி செய்யவில்லை. வெள்ளிக்கிழமை கடை திறக்கும்போது தும்மினால் ஷட்டரை மறுபடி இறக்கிவிட்டு ஏற்றும் வீட்டில் வளர்ந்தவள் நான். சிறிது யோசித்துவிட்டு, "வண்டிக்கு முன்னாடிதானே அழக் கூடாது? பள்ளிக்கூடத்துல அழட்டுமே. அங்கே கொண்டுவந்து, அவகிட்டச் சொல்லிட்டு, அப்புறம் வந்து வண்டி ஏறுங்க. பத்தரைக்குத்தான் ராகுகாலம்" என்றேன்.

அவர் வெகுநேரம் கைக் கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு முதலாளியிடம் பேசிப் பார்க்கிறேன் என்றார். பேசுவார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் எனக்கு வந்த முதல் நினைப்பு, இந்நேரம் நறுக்கியிருப்பார் என்பதுதான்.

ஆனால் வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வகுப்பு வாசலில் நின்றார். கயிறு கட்டிய கை. தெரு முனையில் ரிக் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து உட்கார்ந்தார்.

"சாமி, அப்பா போயிட்டு வாரேன்."

"கடைக்குங்களாப்பா?" அவள் கேட்ட விதத்தில் ஒரு வக்கீல் தோற்றுப் போவான்.

"இல்ல சாமி. கடைக்கு இல்ல. நெம்பத் தூரம், சத்தீஸ்கருக்கு. நாளைக்கு வர மாட்டேன். நாளானைக்கும் வர மாட்டேன். அங்க மழ புடிச்சு வேல நின்னதும் வாரேன்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். இந்தத் தடவை சொல்வது நிஜம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் வாயைத் திறந்து கதறினாள். பள்ளிக்கூடமே எழுந்து வந்துவிட்டது. தலைமையாசிரியர் என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார். வண்டி ஹாரன் அடித்தது, மறுபடி அடித்தது. அவர் எழுந்து போகவில்லை. புழுதியில் மண்டியிட்டு, அவள் அழுது முடியும் வரை, அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருந்தார். கடைசியில் அவளே விலகினாள். பள்ளிப் பையின் அடியில் கையை விட்டு அவருடைய லைசென்ஸை எடுத்து நீட்டினாள். அவர் அதைத் தேடியதாகவே எனக்குத் தெரியவில்லை. வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வாரேன் கண்ணு" என்று சொல்லித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

அன்று சுவரில் அவள் அட்டை அழுகிற முகத்துக்குக் கீழே இருந்தது. அந்த முகத்தை அதுவரை யாரும் தொட்டதில்லை.

வண்டி பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது என்று செவ்வாய்க்கிழமை அவள் அம்மா வந்து சொல்லும்வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். நல்லது செய்கிறேன் என்று ஏதாவது இழுத்து விட்டுவிட்டேனோ என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. சகுனம் எல்லாம் சும்மா என்று மற்றவர்களுக்குச் சொல்வது சுலபம்.

நான் சொல்ல வந்தது அந்த வெள்ளிக்கிழமை மத்தியானத்தைப் பற்றி. சாப்பிட்டு வந்ததும் அந்தப் பெண் மேசையில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள். வாய் திறந்து, எச்சில் ஒழுக, அப்படி ஒரு தூக்கம். பக்கத்துப் பையன் ஸ்லேட்டைக் கீழே போட்டும் அசையவில்லை. எத்தனை நாள் பாக்கித் தூக்கமோ. பிள்ளைகள் எல்லோரையும் கிசுகிசுத்தே வாய்ப்பாடு சொல்ல வைத்தேன்.

மூன்று மணிக்கு ஒன்றிய அலுவலகத்தில் எனக்கு ஒரு கூட்டம். வகுப்பைப் பார்த்துக்கொள்ளத் தலைமையாசிரியர் வந்தார். நான் அவள் பக்கம் போவதைப் பார்த்து, உதட்டில் விரல் வைத்தார்.

"தூங்கட்டும், பாவம். நீங்க சத்தமில்லாமக் கெளம்புங்க டீச்சர். எந்திரிச்சுக் கேட்டா, இப்ப வந்துருவாங்கன்னு நான் சொல்லிக்கறேன்."

எனக்கும் எழுப்ப மனசு இல்லை. அவ்வளவு நல்ல தூக்கத்தை யார்தான் கலைப்பார்கள்? வாசல் வரை போனேன். செருப்பில் கால் நுழைத்தேன். பிறகு கழற்றிவிட்டுத் திரும்பி வந்து, அவள் தோளைத் தொட்டு உலுக்கினேன்.

"பாப்பா, பாப்பா. நான் கூட்டத்துக்குப் போறேன். இன்னைக்கு இனிமே வர மாட்டேன். நாளைக்கும் லீவு. திங்கக்கிழமை காலையில வருவேன்."

கண்ணைப் பாதி திறந்து, என்னை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள்.

"சாவி இருக்குதுங்களா டீச்சர்?"

கையை விரித்துக் காட்டினேன். சாவியைப் பார்த்தாள்.

"செரிங்க. போயிட்டு வாங்க" என்றாள். நான் வாசலைத் தாண்டுவதற்குள் மறுபடி தூங்கிவிட்டாள்.